குன்னூர் நிலையப் பலகையில் நான்கு ஓ: ஒற்றை உயிரோடு நீளும் ஆங்கிலச் சொற்கள்

பச்சைக்கொழுந்து · குன்னூர்

போன ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு மலை ரயிலில் ஊட்டிக்குக் கிளம்பினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வரும் நீராவி எஞ்சினைக் குன்னூரில் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அந்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குப் பொழுது போகவில்லை. நிலையப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, இங்கிலீஷில் நம் ஊர்ப் பெயரில் நாலு ஓ இருக்கிறது. வேறு உயிரெழுத்தே இல்லை" என்றாள். சி, ஓ, ஓ, என், ஓ, ஓ, ஆர். இருபது வருடமாக அந்தப் பலகைக்குக் கீழே நின்று ரயில் ஏறுகிறேன். ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை.

ஊட்டி போய்ச் சேரும்வரை இதே விளையாட்டுதான். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். தினமும் பேரேட்டில் எழுதும் சொல் ஆர்த்தடாக்ஸ். அதில் மூன்று ஓ, வேறு உயிர் கிடையாது. கிரேக்கத்தில் ஆர்த்தோஸ் என்றால் நேரானது, டோக்ஸா என்றால் கருத்து. சரியான கொள்கையைப் பிடித்துக்கொண்டவர் என்று பொருள். இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தும் பழைய முறைத் தேயிலைக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரத்தில் வருவது சி.டி.சி. தூள்.

அடுத்தது மான்சூன். அதிலும் மூன்று ஓ. பருவம் என்ற பொருளுடைய அரபுச் சொல் போர்ச்சுகீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தென்மேற்கு மழை கூடலூர், தேவாலா பக்கம் கொட்டும். எங்கள் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. ஊலாங் என்பது அரைகுறையாகப் புளிக்கவைக்கும் தேயிலை, சீன மொழியில் கறுப்பு டிராகன் என்று பொருள். அதிலும் ஓ மட்டும்தான்.

விதிகள் இவை. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தில் ஒன்று மட்டும் வர வேண்டும், எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். ஏழு எழுத்துக்குக் குறையக் கூடாது. பொருள் சொல்லாமல் சொல்லைப் போடக் கூடாது. ஊலாங் ஆறு எழுத்துதான், தெரியும். சொந்தத் தொழில் என்பதால் சலுகை.

பதினான்காம் வளைவு

அக்கா, ஊர்ப் பெயர் போடலாமா? மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறவன் நான், அகராதியைவிட எனக்குப் பெயர்ப் பலகைதான் பழக்கம்.

கல்லாறு: கே, ஏ, எல், எல், ஏ, ஆர். ஏ மட்டும். ரயிலின் பல்சக்கரப் பாதை கல்லாறில் தொடங்கிக் குன்னூரில் முடிகிறது. ஆக, ஏ-யில் ஏறி ஓ-வில் இறங்குகிறோம். இந்த மலையில் வாழும் படகர் மக்களின் பெயரை ஆங்கிலத்தில் படகா என்று எழுதுவார்கள், அதிலும் மூன்று ஏ. இரண்டும் ஆறு எழுத்துதான், ஊலாங்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே நீலகிரி. என், ஐ, எல், ஜி, ஐ, ஆர், ஐ. மூன்று ஐ, சுத்தம்!

ஊட்டியைச் சேர்க்க முடியவில்லை. பழைய ஊட்டகமண்டில் ஓ, ஏ, யூ எல்லாம் கலந்து கிடக்கின்றன. இன்றைய உதகமண்டலத்தின் பதினான்கு எழுத்தில் ஐந்து ஏ இருந்தும், முதலில் நிற்கும் ஒரே ஒரு யூ கெடுத்துவிட்டது.

சும்மா ஒருவன்

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். இதனால் என்ன பயன்? போட்டித் தேர்வில் ஒரு மதிப்பெண் வருமா? மின்சாரம் போன நேரத்தில் விளையாடலாம், சரி. இதற்கு ஓர் இழையா?

பழைய ரிப்பன் · ஊட்டி

நாற்பது வருடம் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவன். சும்மா ஒருவன் தம்பிக்காக முதல் சொல்: நிட்பிக்கிங். பத்து எழுத்து, மூன்று ஐ. நிட் என்றால் ஈர், பேன் முட்டை. ஈர்வலியைக் கையில் வைத்துக்கொண்டு தலை பார்ப்பதுபோல் சின்னச் சின்னக் குற்றமாகத் தேடி எடுக்கும் குணம். பொருள் விளங்கியிருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பயிலகத்தில் முதல் நாள் அடித்த பாடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. ஒரு வாரம் அதைத் தவிர வேறொன்றும் கிடையாது. அந்த நடு வரிசையில் இருக்கும் ஒரே உயிர் ஏ. கீழ் வரிசையில் உயிரே இல்லை, வெறும் மெய்கள். மீதி நான்கும் மேல் வரிசையில் குடியிருக்கின்றன. அதனால் கை நடு வரிசையை விட்டு நகராமல் ஒரு சொல் அடித்தால் அது கண்ணை மூடிக்கொண்டு உங்கள் விதிக்குள் வந்துவிடும். உதாரணம் அல்ஃபால்ஃபா: ஏ, எல், எஃப், ஏ, எல், எஃப், ஏ. பெயரைக் கேட்டால் ஏதோ சீமைச் சரக்கு என்று தோன்றும். நம் குதிரைமசால்தான், மாட்டுத் தீவனம். அரபியிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போன பெயர்.

ஈ-யில்தான் செல்வம் அதிகம். பீகீப்பர், தேனீ வளர்ப்பவர், ஒன்பது எழுத்தில் ஐந்து ஈ. எவர்கிரீன், எப்போதும் பச்சை, நம் சோலைக்காடுகளுக்கு ஒட்டும் சொல். நெவர்தலெஸ், 'இருந்தபோதிலும்', பன்னிரண்டு எழுத்து. எனக்கு மிகவும் பிடித்தது எஃபர்வெசன்ஸ், பதின்மூன்று எழுத்து, ஐந்து ஈ. சோடாவில் நுரை பொங்கி எழுவது, மனிதரிடம் என்றால் பொங்கும் உற்சாகம். கொதி என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து பிறந்தது.

நீளம்தான் வேண்டும் என்றால் ஸ்ட்ரெங்த்லெஸ்னெஸ். பதினாறு எழுத்து, மூன்றே ஈ. பொருள், வலுவின்மை. இதை நான் மதிப்பதில்லை. ஸ்ட்ரெங்த் என்ற நல்ல சொல்லுக்குப் பின்னால் லெஸ் ஒரு பெட்டி, னெஸ் ஒரு பெட்டி என்று மாட்டிக்கொண்டே போனால் யாருக்கும்தான் நீளும். டிஃபென்ஸ்லெஸ்னெஸ், தற்காப்பற்ற நிலை, அதுவும் அதே வித்தை. தட்டச்சுத் தேர்வில் ஐந்து தட்டலை ஒரு சொல்லாகக் கணக்கிடுவோம். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. அந்தக் கணக்கில் ஸ்ட்ரெங்த்லெஸ்னெஸ் ஒன்றே மூன்று சொல்லுக்கு மேல் தின்றுவிடும். பரீட்சை எழுதும் பிள்ளையைக் கேட்டுப்பாருங்கள், வலுவின்மை என்றால் என்னவென்று சொல்லும்.

பதினான்காம் வளைவு

ஐயா, கொதி என்றதும் நினைவு வந்தது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழ்நாட்டிலிருந்து வந்து வாடகைக்கு வீடு எடுத்துச் சமைப்பவர்கள், தளதளவென்று கொதிக்கிறதே என்று நம்பி வேகாத சோற்றை இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். பொங்குவது எல்லாம் சூடு அல்ல.

பச்சைக்கொழுந்து · குன்னூர்

ரிப்பன் ஐயா, ஒரு சந்தேகம். மகள் இன்டிவிசிபிலிட்டி என்று ஒன்று கண்டுபிடித்தாள். பிரிக்க முடியாத தன்மை. பதினான்கு எழுத்தில் ஆறு ஐ. ஆனால் கடைசியில் ஒய் நிற்கிறது. ஒய் உயிரா, மெய்யா?

அவள் இன்னொன்றும் பிடித்திருக்கிறாள்: ஆப்ரகடாப்ரா. பதினொரு எழுத்து, ஐந்து ஏ. மாயவித்தைக்காரர் சொல்லும் சொல் என்றுதான் நினைத்திருந்தேன். லத்தீனில் மருத்துவம் எழுதிய செரினஸ் சம்மோனிகஸ் இதைக் காய்ச்சலுக்கு மருந்தாகவே சொல்லியிருக்கிறார். முழுச் சொல்லை மேல் வரியில் எழுதி, வரிக்கு ஓர் எழுத்தாகக் குறைத்துக்கொண்டே வந்து, கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். கடைசி வரியில் மிஞ்சுவது ஏ மட்டும். எழுத்து தேயத் தேயக் காய்ச்சலும் தேயுமாம். எங்கள் பாட்டி மந்திரித்துக் கட்டிய கயிற்றில் எழுத்து ஒன்றும் இல்லை, வேப்பிலை வாசம்தான் இருந்தது.

பழைய ரிப்பன் · ஊட்டி

ஒய் இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கும் ஆள். சொல்லின் தொடக்கத்தில் மெய்போல நடந்துகொள்ளும், கடைசியில் உயிர்போல ஒலிக்கும். கண்டிப்பான நடுவராக இருந்தால் இன்டிவிசிபிலிட்டியைத் தள்ளிவிடுவேன். பெண் ஒன்பதாம் வகுப்பு என்கிறீர்கள். செல்லும்.

வட்டக்கானல்வாசி · கொடைக்கானல்

பழனிமலைப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல். எங்கள் வட்டக்கானலை ஆங்கிலத்தில் எழுதுங்கள். பத்து எழுத்து, நான்கு ஏ, வேறு உயிர் இல்லை. கல்லாறைவிட நீளம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

யூ-வை யாரும் தொடவில்லையே, ஏன்? அதுதான் கஷ்டமானது என்பதாலா? எனக்கு உயிரான சொல் ஒன்று அதில் இருக்கிறது: சுசரஸ். எஸ், யூ, எஸ், யூ, ஆர், ஆர், யூ, எஸ். லத்தீனில் கிசுகிசுப்பு. ஆங்கிலத்தில் இலைகளுக்குள் காற்று புகுந்து போகும் மெல்லிய ஓசை. பைன் காட்டுக்குள் மாலை நான்கு மணிக்குப் போய் நின்றால் இந்தச் சொல்லின் பொருளுக்கு அகராதி வேண்டாம். தமிழில் சலசலப்பு என்று எழுதிப்பார்த்தேன், அது அரசமரத்துக்குச் சரி. பைன் ஊசிகள் சலசலப்பதில்லை, சுசுசுவென்று ஒரே மூச்சாக இழுக்கும்.

அப்புறம் க்யூமுலஸ், குவிந்த பஞ்சு மேகம். ட்யூமுலஸ், பழங்காலத்தில் இறந்தவரைப் புதைத்து மேலே எழுப்பிய மேடு, தாண்டிக்குடியில் இருப்பதுபோல. அன்ட்ரூத்ஃபுல், உண்மை பேசாத, பத்து எழுத்து, மூன்று யூ.

ஒய் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். ஐந்து உயிரும் இல்லாமல் ஒய்யை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கும் சொல்லைச் சேர்க்கலாமா? சிசிஜி. எஸ், ஒய், இசட், ஒய், ஜி, ஒய். ஆறு எழுத்துதான், ஊலாங்குக்குக் கொடுத்த சலுகையை இதற்கும் கொடுங்கள். மூன்று வான்பொருள்கள் ஒரே கோட்டில் நிற்கும் நிலை. கிரேக்கத்தில் ஒரே நுகத்தில் பூட்டியது என்று வேர்ப்பொருள். ஒவ்வோர் அமாவாசையும் பௌர்ணமியும் ஏறத்தாழ இந்த நிலைதான், கோடு கச்சிதமாக அமைந்துவிட்டால் கிரகணம். எங்கள் ஊரில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது, அதனால் சின்ன வயதிலிருந்தே கிரகணப் பேச்சு காதில் விழுந்துகொண்டிருக்கும். அங்கே வேலை பார்த்த ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியைச் சுற்றிய வெளிறிய வளையத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் கண்டறிந்தார். எவர்ஷெட் என்ற பெயரில் மூன்று ஈ, வேறு உயிர் கிடையாது. இத்தனை வருடமாக எனக்கும் தெரியவில்லை.

உயிர்மெய் · கோத்தகிரி

தமிழாசிரியர் நான். முதலில் ஒரு திருத்தம். தாண்டிக்குடியில் பேர்பெற்றவை கல்திட்டைகள், கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்தவை. ட்யூமுலஸ் மண்ணோ கல்லோ குவித்த மேடு. இரண்டும் ஈமச்சின்னம்தான், ஆனால் ஒன்றல்ல.

இப்போது இந்த இழையின் அடிவேருக்கு வருகிறேன். ஒரே உயிர், ஒரே உயிர் என்கிறீர்கள். ஒரே எழுத்து என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். உயிர் ஒன்றல்ல. பச்சைக்கொழுந்து அம்மா கொடுத்த நான்கு சொற்களை வாய்விட்டுப் படியுங்கள். கூனூர், ஊ ஊ. மான்சூன், ஆ ஊ. ஆர்த்தடாக்ஸ், ஆ அ ஆ. ஊலாங், ஊ ஆ. பலகையில் ஓ என்று வட்டமாக உட்கார்ந்திருக்கும் எழுத்து, ஓ என்ற தன் பெயரை ஒரு சொல்லில்கூடச் சொல்லவில்லை! உங்கள் விளையாட்டு கண்ணுக்குச் சொந்தம், காதுக்கு அதில் பங்கில்லை. தமிழெழுத்தில் எழுதிய மாத்திரத்தில் ஒற்றுமை கலைந்துபோகிறது.

தமிழில் இதே விளையாட்டை நேரடியாக ஆடவும் முடியாது. உயிரெழுத்து தனியாகச் சொல்லின் முதலில்தான் நிற்கும். நடுவில் வந்தால் அளபெடை. மற்ற இடங்களில் மெய்க்குள் ஒளிந்துகொண்டு உயிர்மெய்யாகத்தான் வரும். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிரித்துப் பார்த்தேன், ஆச்சரியம் கிடைத்தது. நீலகிரி: ஈ, அ, இ, இ. நம் வாயில் நடுவே ஓர் அகரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அதை விழுங்கிவிட்டதால்தான் மூன்று ஐ சுத்தமாக நிற்கிறது. கல்லாறு: அ, ஆ, உ. கடைசி உகரத்தை வெட்டியதால் ஏ மட்டும் மிஞ்சியது. எல்லாவற்றையும்விட அழகு கேடமரான். ஒன்பது எழுத்து, நான்கு ஏ. அது நம் கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கட்டியது. நம்மிடம் 'ட்டு'வில் ஓர் உகரம் உண்டு, கடல் தாண்டியபோது அது நழுவிவிட்டது. நீங்கள் ஒற்றை உயிர் என்று கொண்டாடுவதில் பாதி, நம் சொற்கள் பயணத்தில் தொலைத்த உயிர்.

எதையும் தொலைக்காத பெயர் வட்டக்கானல். குறிலையும் நெடிலையும் ஓரினமாகக் கொண்டால் அ, அ, ஆ, அ. தமிழிலும் சுத்தம், ஆங்கிலத்திலும் சுத்தம். படகர் அப்படியே. குன்னூர் வேறு ரகம்: தமிழில் உ, ஊ, ஆங்கிலத்தில் நான்கு ஓ. இரண்டு பக்கமும் ஓரினம், ஆனால் வேறு வேறு இனம்.

பதினான்காம் வளைவு

ஆசிரியர் ஐயா சொல்வதைப் படித்துவிட்டு வண்டியில் வந்த குடும்பத்திடம் நீலகிரி நீலகிரி என்று நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். வேகமாகச் சொன்னால் அந்த அகரம் உண்மையாகவே காணாமல் போகிறது. வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது.

சும்மா ஒருவன்

மணி இரவு 1.40. ஸ்லீப்லெஸ்னெஸ். பதின்மூன்று எழுத்து, நான்கு ஈ. தூக்கமின்மை. எனக்கு இது வந்ததற்கு இந்த இழைதான் காரணம். ரிப்பன் ஐயா, பெட்டி மாட்டிய சொல் என்று தள்ளாதீர்கள், அனுபவித்து எழுதுகிறேன்.

உயிர்மெய் ஐயாவுக்கு ஒரு பதில். எழுத்து வேறு, ஒலி வேறு என்றீர்கள் அல்லவா? ஒலி பற்றிய சொல் ஏதாவது அகப்படுமா என்று தேடிக்கொண்டே படுத்திருந்தேன். மானஃப்தாங். எம், ஓ, என், ஓ, பி, எச், டி, எச், ஓ, என், ஜி. பதினொரு எழுத்து, மூன்று ஓ, வேறு எதுவும் இல்லை. கிரேக்கத்தில் மோனோஸ் என்றால் ஒற்றை, ஃப்தாங்கோஸ் என்றால் ஒலி. பொருள்: வாய் நடுவில் நிலை மாறாமல் பிறக்கும் ஒற்றை உயிரொலி. ஒற்றை உயிர் என்று பொருள்படும் சொல்லில் ஒற்றை உயிரெழுத்து.

எதிர்ச்சொல்லைப் பாருங்கள், டிஃப்தாங், இரட்டை உயிரொலி. அதில் ஐ ஒன்று, ஓ ஒன்று. இரண்டு!

உயிர்மெய் · கோத்தகிரி

தம்பி, நாளைக்கு வகுப்பில் ஐ, ஔ நடத்த வேண்டும். அ-வும் இ-யும் கூடி ஐ, அ-வும் உ-வும் கூடி ஔ என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக்கொடுக்கிறேன், பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதப்போகிறேன். பயன் என்ன என்று முதலில் கேட்டவர் நீங்கள்தானே?

வட்டக்கானல்வாசி · கொடைக்கானல்

சிறு குறுக்கீடு. மானஃப்தாங்கின் நடு ஓ-வை ஆங்கிலேயர் அகரம்போல மழுக்கித்தான் சொல்வார்கள். ஆக, ஒற்றை ஒலி என்ற சொல்லுக்குள்ளேயே ஓ-வுக்கு இரண்டு ஒலி. நிட்பிக்கிங் என்று ரிப்பன் ஐயா சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

பச்சைக்கொழுந்து · குன்னூர்

மகளுக்கு மானஃப்தாங்கைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "நான் தேடியிருந்தால் கிடைத்திருக்கும், நீதான் படுக்கப் போகச் சொன்னாய்" என்று சண்டை.

பழிவாங்கத் தமிழில் தேடிக்கொண்டிருக்கிறாள். சுறுசுறுப்பு: உகரம் தவிர வேறு உயிர் இல்லை என்கிறாள். முறுமுறுப்பு, துறுதுறுப்பு இரண்டும் அப்படியே. அகரத்துக்கு மரகதம். படபடப்பு கடைசி எழுத்தில் கவிழ்ந்துவிட்டது. உயிர்மெய் ஐயா, இவை செல்லுமா?

உயிர்மெய் · கோத்தகிரி

எல்லாம் செல்லும். முறுமுறுப்புக்குத் தனியாக ஒரு மதிப்பெண்.

பழைய ரிப்பன் · ஊட்டி

இந்த இழையில் வந்த சொற்களையெல்லாம் பெண்ணுக்குப் பட்டியலாக அடித்துத் தரலாம் என்று பழைய இயந்திரத்தைத் தூசி தட்டி எடுத்தேன். இரண்டு வருடமாகத் தொடாதது. ரிப்பன் காய்ந்திருந்தது, கொஞ்சம் எண்ணெய் காட்டிச் சரிசெய்தேன். ஈ வரிசை அழகாக விழுந்தது. ஏ வரிசையும் பரவாயில்லை.

ஓ-வில்தான் வினை. இந்த இயந்திரத்தில் ஓ எழுத்தின் அச்சு விளிம்பு கூர்மை, என் விரலும் பழைய பழக்கத்தில் ஓங்கி விழுகிறது. தாளை உருளையிலிருந்து உருவி வெளிச்சத்தில் பிடித்தால், மான்சூனில் மூன்று ஓட்டை, ஆர்த்தடாக்ஸில் மூன்று, மானஃப்தாங்கில் மூன்று, உங்கள் ஊரில் நான்கு. ஓ எல்லாம் பொட்டுப் பொட்டாக உதிர்ந்து மேசையில் கிடக்கின்றன.

பச்சைக்கொழுந்து · குன்னூர்

அந்தத் தாளையே அனுப்புங்கள் ஐயா, திருப்பி அடிக்க வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன் என்கிறாள்.